மூன்று மடையர்களும் ஒரு சுவரும்

என் உடம்பில் உயிர் இருக்கும்வரை கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே ஜன்னல் வைக்க விடமாட்டேன். எட்டு வருஷமாக இதைத்தான் சொல்லி வந்தேன். என் மனைவியும் எட்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டேதான் இருந்தாள்.

"உள்ளே மூச்சு முட்டுதுங்க. ஒரு ஜன்னல் வெச்சா என்னவாம்?"

"சுவர் பலவீனமாயிடும்."

சுவரென்ன, நான்தான் பலவீனமாகிவிடுவேன். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் என் சாய்வு நாற்காலி கிடக்கிறது. வீட்டில் அவள் கண்ணில் படாமல் நான் இருக்கக்கூடிய ஒரே இடம் அதுதான். கண்ணில் பட்டால் வேலை சொல்லுவாள். நாள் முழுக்கத் தபாலாபீசில் முத்திரை குத்திவிட்டு வருகிறவனுக்கு ஒரு சுவர்கூடச் சொந்தமாக இருக்கக்கூடாதா?

இந்த நேரம் பார்த்து வீடியோக்காரன் வந்தான். என் பால்ய நண்பன். கல்யாணங்களைப் படம்பிடித்து அலுத்துப்போய், சொந்தமாகச் சினிமா எடுக்கப் போகிறானாம்.

"மூணு பிரெண்ட்ஸ், மச்சான். வடிகட்டின முட்டாளுங்க. பேங்கைக் கொள்ளையடிக்கச் சுவரை உடைக்கிறானுங்க. உடைச்சுப் பார்த்தா, தலைவனோட சொந்த வீட்டுச் சமையல்கட்டு!"

"தலைவன் யாரு?"

"நீதான்."

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இருபது வருஷ சர்வீசில் ஒரு பசைப் பாட்டிலுக்குக்கூட என்னைத் தலைவனாக்கியதில்லை.

"சுவருக்கு அட்டையில செட் போடுவியா?"

"அட்டையா? இது யதார்த்த சினிமா! உன் வீட்டுச் சுவரே பிரமாதமா இருக்கு. சாயங்காலமே அடைச்சுப் பூசிக் கொடுத்துடறேன். தங்கச்சி ஊர்ல இல்லாதப்போ வெச்சுக்கலாம்."

அவன் தங்கச்சி, அதாவது என் மனைவி, அந்த வாரமே தன் அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள். என் அதிர்ஷ்டத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை படப்பிடிப்பு. கும்பலில் இரண்டாவது ஆள் எங்கள் தையல்காரன். மூன்றாவது ஆள் வீடியோக்காரனேதான். கேமராவை ஸ்டூல்மேல் வைத்துவிட்டு நடிக்க ஓடிவருவான். முதல் அரை மணி நேரம் பொத்தானை அழுத்தாமலே ஓடிவந்தான். தையல்காரன் தைத்துக்கொண்டுவந்த முகமூடிகளில் வாய்க்கு ஓட்டை இருந்தது, கண்ணுக்கு இல்லை. அப்பேர்ப்பட்டவன் சுவரில் மட்டும் நாடாவை வைத்து, அங்குலம் பிசகாமல் அளந்து, சாக்குக்கட்டியால் கட்டம் போட்டான்.

"திருடன் எதுக்குடா அளவெடுத்து உடைக்கணும்?"

"அதுக்குமேல கேமராவுல தெரியாது மச்சான்."

சம்மட்டியை என்னிடம் கொடுத்தார்கள். தலைவன்தானே உடைக்க வேண்டும்! இரண்டு மணி நேரம் உடைத்தேன். கையெல்லாம் கொப்புளம். "நடிப்புல பிச்சு உதறுறீங்க தலைவரே!" என்று இருவரும் ஓரமாக உட்கார்ந்து கூவினார்கள்.

கடைசிச் செங்கல் விழுந்தது. தூசி அடங்கியது. ஓட்டைக்கு அந்தப் பக்கம், சமையலறைக்குள், என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். பின்வாசல் வழியாக வந்திருக்கிறாள். அவளுக்குப் பின்னால் தச்சர். அவர் தோளில் வர்ணமடித்த ஜன்னல்.

"முடிஞ்சுதா? கொஞ்சம் நகருங்க, அவர் மாட்டட்டும்."

அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் ஜன்னல் கச்சிதமாக உட்கார்ந்தது. நான் சம்மட்டியைக் கீழே போட்டேன்.

"டேய்! இந்தப் படத்துக்குக் கதை எழுதினது யாருடா?"

தையல்காரன் அவசரமாக முகமூடியை மாட்டிக்கொண்டான். வீடியோக்காரன் கேமராவுக்குப் பின்னால் பதுங்கினான்.

"தங்கச்சிதான் மச்சான். ஒரே சிட்டிங்குல சொல்லிடுச்சு."

"துரோகி! அடைச்சுக் கொடுக்கறேன்னியே?"

"தங்கச்சி வேணாங்குதே!"

வாய்க்கு வாய் மச்சான் என்கிறவன் கடைசியில் தங்கச்சி பக்கம்தான் நிற்பான் என்பது எனக்கு ஏன் உறைக்கவில்லை?

"ஆள் வெச்சு உடைச்சா ரெண்டு நாள் ஆகும்னாரு தச்சர்," என்றாள் என் மனைவி, உண்மையான வியப்போடு. "நீங்க காலையிலேயே முடிச்சுட்டீங்க!"

அவமானப்படுத்தப்பட்ட மனிதனுக்கு மிஞ்சுவது அவன் சாய்வு நாற்காலிதான். விறுவிறுவென்று போய் அதில் பொத்தென்று விழுந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

ஜன்னல் வழியாகக் குரல் வந்தது.

"சும்மாதானே படுத்திருக்கீங்க? எழுந்து இந்தச் செங்கல்லையெல்லாம் அள்ளிப் போடுங்க."