ஃபின்லே பாலிங்கலின் முதல் கில்ட்

ஐம்பத்து நான்கு வயது வரை ஃபின்லே பாலிங்கலிடம் சொந்தமாக ஒரு கில்ட், அதாவது ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் சுற்றும் கட்டம்போட்ட மடிப்புப் பாவாடை, கிடையாது. கல்யாணம் வந்தால் வாடகைக்கு எடுப்பார், திங்கட்கிழமை காலை திருப்பிக் கொடுப்பார், நடுவில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். சாதுவான மனிதர். சென்ற ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை சொந்தமாக ஒன்று வாங்கினார். வியாழக்கிழமைக்குள் ஸ்காட்லாந்தில் யாருக்குமே கில்ட் கட்டத் தெரியவில்லை என்று கண்டுபிடித்துவிட்டார்.

இந்த இனத்துக்குப் புதுக்கில்ட்டுக்காரர் என்று பெயர். பல் டாக்டர்களிலும் உண்டு, பஸ் ஓட்டுகிறவர்களிலும் உண்டு. பரம்பரையாகக் கட்டுகிறவர்களை மட்டும் இந்தக் காய்ச்சல் தொடுவதில்லை. அவர்கள் அப்பாவின் கில்ட்டைப் பூச்சி அரித்த ஓட்டையோடு மாட்டிக்கொண்டு வந்து, சாப்பிட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

புதுக்கில்ட்டுக்காரர் எப்படி வாங்குவார் தெரியுமா? முதலில் எடின்பரோவின் நல்ல கடைக்குத்தான் போவார். எட்டு கஜம் கனத்த கம்பளி, கையால் மடிப்புத் தைப்பது, அளவு கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பது என்று எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டு, துணியை விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்து, ஏதோ தெரிந்தவர் போல 'ம்' என்று சொல்லி, விலை காதில் விழுந்ததும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று வெளியே வந்துவிடுவார். பிறகு நாலு கடை தள்ளி, பேக்பைப் இசை தெருவரை அலற, பிஸ்கட் டப்பாக்களுக்கும் ஆட்டுக்குட்டி பொம்மைகளுக்கும் நடுவே கில்ட் தொங்கும் கடைக்குள் நுழைவார். அங்கே ஐம்பது பவுண்டுக்குள் 'ஆரம்பநிலை செட்' கிடைக்கும். கில்ட், முன்னால் தொங்கவிடத் தோல் மாதிரியான ஒரு பை, காலுறை, கத்தி வடிவத்தில் ஓர் ஊசி. துணியின் நீளம் பாதிதான். கம்பளி என்று எதுவும் அதில் இல்லை. வாஷிங் மெஷினில் போடலாம்.

ஃபின்லேயின் இடுப்புக்கு அந்தக் கடையில் இரண்டே நிறம் இருந்தது. சிவப்புக் கட்டத்தில் அவர் தபால்பெட்டி மாதிரி தெரிந்தார். ஆகவே கரும்பச்சை. ஸ்காட்லாந்தில் குலத்துக்கு ஒரு கட்டம் உண்டு. சொந்த ஊரான கிர்காடிக்குத் திரும்பும் பஸ்ஸிலேயே அந்தக் கரும்பச்சை அவருடைய அம்மா வழிக் குலத்தின் கட்டமாகிவிட்டது.

"உங்கம்மா இங்கிலாந்து, நியூகாசில்காரங்க ஆச்சே?" என்றாள் மனைவி ஷோனா.

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடியும் நியூகாசில்தான்."

"அதுக்கும் முன்னாடி, ஷோனா."

போதுமான தூரம் பின்னால் போனால் யாரையும் ஒரு ஸ்காட்லாந்து மலையில் ஏற்றிவிடலாம் என்பது இந்த இனத்தின் நம்பிக்கை.

முதல் உலாவுக்கு எப்போதும் ஒரு சாக்கு வேண்டும். ஃபின்லே பால் வாங்கப் போனார். வீட்டில் பால் இருந்தது. கடற்கரைச் சாலையில், வடகடல் காற்று தொடையைக் கடிக்க, குளிரே தெரியாத முகத்தோடு பஸ் நிறுத்தத்தில் நின்றார். பக்கத்தில் ஒரு கிழவி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னப்பா, கல்யாணமா?"

"இல்லைங்க."

"அடடா. சாவா?"

"அதெல்லாம் இல்லைங்க. சும்மாதான்."

"சும்மாவா!" என்றாள் கிழவி. அடுத்த பஸ் வரும்வரை கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கில்ட்டோடு இலவசமாக வருவது அபிப்பிராயம். கில்ட் முழங்கால் நடுவில் முடியவேண்டும். வெள்ளைக் காலுறை போடுகிறவன் மனிதனே இல்லை. பை இத்தனை விரற்கடை கீழேதான் தொங்கவேண்டும். இவ்வளவும் ஃபின்லேக்கு இரண்டு மாலையில், கைபேசியில், குளியல்தொட்டியில் படுத்தபடி தெரியவந்தது. தெரிந்ததை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? பப்பில் சொன்னார். வங்கி வரிசையில் சொன்னார். கடைசியில் ஓர் அடக்கத்திலும் சொன்னார்.

அங்கேதான் வினை. அவருடைய ஒரே மகள் ஐல்சாவுக்கு ஜூனில் கல்யாணம். மே மாதம் மாப்பிள்ளை ரூரியின் தாத்தா காலமானார். குழியருகே பேக்பைப் வாசித்தவர் ரூரியின் தாய்மாமன், இறந்தவரின் மகன். அவர் மூச்சு வாங்க நிறுத்திய இடைவெளியில் ஃபின்லே பக்கத்தில் போய், "தம்பி, இடது சாக்ஸ் கொஞ்சம் இறங்கியிருக்கு" என்றார்.

அன்று மாலை ஐல்சா கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"அந்த மனுஷன் அப்பாவைப் புதைச்சுக்கிட்டிருக்காரு. நீங்க சாக்ஸப் பத்திப் பேசுறீங்க."

"மெதுவாத்தானேம்மா சொன்னேன்."

"ரூரியோட அம்மா நம்ம வீட்டுப் பக்கமே வரமாட்டேங்கிறாங்க. நல்லாக் கேட்டுக்கோங்கப்பா. கல்யாணத்தன்னைக்கு யாரோட கில்ட்டப் பத்தியாவது வாயத் தொறந்தீங்க, என் கையப் பிடிச்சு சர்ச்சுக்குள்ள கூட்டிட்டுப் போறது கீத் மாமாதான். டான்ஸும் அவருதான்."

கீத் மாமா பேன்ட் போடுகிறவர். ஃபின்லே அன்றிரவு சாப்பிடவில்லை.

கல்யாண நாளன்று பலத்த காற்று. கனத்த கம்பளி தன் எடையாலேயே அடங்கிக் கிடக்கும். ஃபின்லேயினுடையது காய்ந்த துண்டு மாதிரி படபடத்தது. அவர் யோசித்தார். கில்ட்டின் முன்புறத்தில் இரண்டு துணி ஒன்றன்மேல் ஒன்றாக வரும். கத்தி ஊசியை மேல்துணியில் மட்டும் குத்துவதுதான் வழக்கம். அது வெறும் அழகுக்கும் எடைக்கும். ஃபின்லே இரண்டையும் சேர்த்துக் குத்தி இறுக்கினார்.

"இப்படியா குத்துவாங்க?" என்றாள் ஷோனா.

"இதுதான் பழைய முறை."

சர்ச் வாசலிலிருந்து மகளின் கையைப் பிடித்து நடக்கத் தொடங்கியபோதுதான் விஷயம் புரிந்தது. கால் ஒரு சாணுக்குமேல் விரியவில்லை. பாலிங்கல் தம் மகளை அங்குலம் அங்குலமாக அழைத்துச் சென்றார். பிரிய மனமில்லாமல் கால் எழவில்லை என்று நினைத்து மூன்று வரிசை ஜனம் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

அதன்பின் நடந்தது தவம். முன்னால் ஒருவர் வெள்ளைக் காலுறையோடு உட்கார்ந்திருந்தார். ஃபின்லே கூரையைப் பார்த்தார். இன்னொருவரின் கில்ட் முழங்காலுக்கு நான்கு விரல் கீழே தொங்கியது. ஃபின்லே பாட்டுப் புத்தகத்தில் முகம் புதைத்தார். விருந்தில் பேக்பைப் மாமா எதிரிலேயே வந்து உட்கார்ந்து, வேண்டுமென்றே இரண்டு சாக்ஸையும் கணுக்கால்வரை இறக்கிவிட்டு, காலை நீட்டினார். ஃபின்லே உருளைக்கிழங்கை மென்றார். மென்றுகொண்டே இருந்தார்.

பிறகு அக்கார்டியன் கிளம்பியது. மணமக்கள் முன்னே, அவர்களுக்குப் பின்னே பெண்ணின் அப்பாவும் மாப்பிள்ளையின் அம்மாவும் ஜோடி சேர்ந்து ஆடவேண்டும். ரூரியின் அம்மா எஃபி கையை மட்டும் கொடுத்தாள், முகத்தைக் கொடுக்கவில்லை. மெதுநடை வரை சமாளித்தார். தாளம் வேகமெடுத்ததும் எஃபி இரண்டு எட்டு முன்னால் போனாள், ஃபின்லே துள்ளித் துள்ளி வந்து சேர்ந்தார்.

"என்ன சம்பந்தி, கோழி மாதிரி தத்துறீங்க? மூட்டு வலியா?"

"ஒண்ணுமில்லீங்க."

எஃபி குனிந்து பார்த்தாள். "அடப்பாவமே! ரெண்டையும் சேர்த்துல்ல குத்தி வெச்சிருக்காரு! யாருய்யா உமக்கு இப்படிச் சொல்லிக்கொடுத்தது?"

அக்கார்டியன்காரர் நிறுத்திவிட்டார். கூடம் முழுவதும் அவருடைய கில்ட்டைப் பார்த்தது. முன்னால் நின்ற ஐல்சா திரும்பினாள். பழைய முறை என்ற சொல் ஃபின்லேயின் நாக்கு நுனியில் வந்து நின்றது. அம்மா வழிக் குலம் அதன் பின்னால் நின்றது. மகளின் முகம் வெளுத்திருந்தது.

"தெரியாமக் குத்திட்டேங்க" என்றார் ஃபின்லே.

 எஃபி அத்தனை பேர் நடுவில், பட்டு உடையோடு மண்டியிட்டு ஊசியைக் கழற்றினாள். துணி ஓரிடத்தில் கிழிந்தது. "நல்லதாப்போச்சு, காத்து வரும்" என்று சொல்லி எழுந்து அவர் கையைப் பிடித்தாள். இந்தமுறை சிரித்தாள். பேக்பைப் வாசித்த தம்பியைப் பார்த்து, "டேய், சாக்ஸ ஏத்துடா, அசிங்கமா இருக்கு!" என்று கத்தினாள். கடைசிவரை ஆடினார்கள். ஐல்சா அழுததைத் தாம் பார்க்கவில்லை என்று ஃபின்லே இன்றும் சொல்கிறார்.

திருந்திவிட்டார் என்றா நினைக்கிறீர்கள்? மறுநாள் காலை ஹோட்டலில், முன்பின் அறியாத ஒரு டச்சுத் தம்பதியின் மேசைக்குக் கஞ்சிக் கிண்ணத்தோடு போய் உட்கார்ந்தார். "நிறையப் பேருக்கு இது தெரியாது. ஊசியை மேல்துணியில மட்டும்தான் குத்தணும். நேத்துக்கூட ஒருத்தர் தப்பாக் குத்திட்டு வந்து, பாவம்..."

சிரிக்காதீர்கள். கில்ட் ஊசி என்று ஒன்று இருப்பதே இதைப் படிக்கத் தொடங்கும்வரை உங்களுக்குத் தெரியாது. இனி எங்காவது கில்ட் கட்டியவர் படத்தைப் பார்த்தால் உங்கள் கண் முதலில் எங்கே போகும்? பக்கத்தில் இருப்பவரிடம் என்ன சொல்வீர்கள்? நீங்களாவது ஒரு செட் வாங்கிவிட்டுச் சொல்லக் கூடாதா?

ரூரியின் தம்பிக்கு அக்டோபரில் கல்யாணம். ஃபின்லே போகிறார்.