நாலாவது தொண்டை

காலிக் குழாய்க்கும் இருமல் வந்திருந்தது.

சுகாதாரத் துறைப் பரிசோதகி கணினித் திரையைக் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். கிருமியின் மரபணு எழுத்துகளை ஒப்பிட்டு, யாரிடமிருந்து யாருக்குத் தொற்றியது என்று வம்ச மரம் வரையும் பயிற்சி அது. வீட்டில் எல்லோருக்கும் இருமல் என்பதால் தன் தொண்டை, கணவன் தொண்டை, மாமியார் தொண்டை என்று ஆளுக்கொரு பஞ்சுக்குச்சி விட்டு எடுத்திருந்தாள். நாலாவது குழாயில் யார் வாயிலும் படாத வெறும் குச்சி. வேலை சுத்தமாக இருந்தால் அதில் ஒன்றும் இருக்கக்கூடாது.

இருந்தது.

கை சுத்தம் போதாது என்றார் பயிற்றுநர். தேறினால்தான் நோய்க் கண்காணிப்புப் பிரிவு. இல்லாவிட்டால் பழையபடி சிறுநீர்ப் பரிசோதனை மேஜை. அடுத்த முறை புதுக் கையுறை போட்டு எடுத்தாள். குழாய்களைத் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிச் சமையலறை அலமாரியில் வைத்தாள். காலிக் குழாயில் கிருமி முன்னைவிடக் கொழித்திருந்தது.

அதற்கும் ஒரு தட்டு போட்டுவிடு என்று கணவன் சிரித்தான். மாமியார் சிரிக்கவில்லை. கண்டதையும் நோண்டாதே என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார்.

மூன்றாம் முறை, பகலெல்லாம் வீட்டிலிருக்கும் மாமியாரையே குழாய்களுக்குக் காவல் வைத்தாள்.

அந்த முறை கிடைத்த வம்ச மரத்தைப் பயிற்றுநர் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். அடிவேரில் காலிக் குழாய். அதிலிருந்து மாமியார். மாமியாரிடமிருந்து மற்ற இருவர்.

"இது கை பட்டு ஒட்டினது இல்லம்மா. மனுஷத் தொண்டையில வளர்ந்தது. உங்க வீட்ல எத்தனை பேர்?"

"மூணு பேர் சார்."

"நாலு பேர்," என்றார் அவர், தணிந்த குரலில்.

வீட்டுக்கு வந்து பூட்டை மெல்லத் திறந்தாள். கணவன் அலுவலகத்தில், மாமியார் கடைக்குப் போயிருந்தார். வெறிச்சோடிய கூடத்தைத் தாண்டிச் சமையலறைக்குள் காலை வைத்தாள்.

யாரோ இருமினார்கள்.

ஆழமான, சளி கட்டிய இருமல். தலைக்கு மேலிருந்து வந்தது. அவள் நிமிர்ந்து பரணைப் பார்த்தாள்.

"யாரு?" என்றாள்.

பரண் கதவு மெல்ல, ஒரு விரற்கடை விலகியது. இருட்டுக்குள்ளிருந்து இரண்டு கண்கள் அவளைப் பார்த்தன.

"அண்ணி, வெளியூர் வேலைய விட்டுட்டு ஓடி வந்தது அண்ணனுக்குத் தெரிய வேணாம், அம்மா என் தொண்டையில விட்டு எடுத்து அந்தக் காலிக் குழாயில போட்ட குச்சிக்கு என்ன மருந்துன்னு மட்டும் சொல்லிடுங்க."