பராந்தகன் காலத்து லட்டு

உத்திரமேரூரிலிருந்து திருப்புலிவனம் போகும் வழியில் எங்கள் ஊர். பெயரைச் சொன்னால் அடிக்க வருவார்கள், விட்டுவிடுங்கள். உள்ளாட்சித் தேர்தலுக்கு மூன்று மாதம் இருக்கும்போது அங்கே கல் பேசத் தொடங்கியது.

பேசியது கல். கேட்டவர் கல்செவிச் சித்தர். காவி வேட்டி, கழுத்தில் ஏழு மாலை, இடது காதில் மட்டும் விபூதி. அந்தக் காதைக் கல்லில் வைத்தால் ஆயிரத்து நூறு வருடத்துப் பழைய பேச்சு கேட்குமாம். போன வருடம் வரை இவர் பெயர் வெங்கடேசன். உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்த்தவர். இவர் சொன்ன இடத்தில் ஒன்பது போர்வெல் போட்டோம். ஒன்பதிலும் புழுதி வந்தது. அதற்காக ஒரு மனிதனுக்கு வரலாறு தெரியாது என்று சொல்லிவிட முடியுமா?

கூட்டமென்றால் கூட்டம். மாகறலிலிருந்து வேன், பழையசீவரத்திலிருந்து ஷேர் ஆட்டோ. வாசற்படிக் கல், மதகுக் கல், துணி துவைக்கிற கல் எல்லாம் தலைமேல் ஏறி வந்தன. சித்தர் காதை வைப்பார், கண்ணை உருட்டுவார். "உன் மூதாதை குடவோலையில் பேர் வந்த பெருமகன்!" கேட்டவன் மறுநாளே வேட்பாளர். உத்திரமேரூர்க் கல்வெட்டில் இருப்பது முப்பது குடும்பு, அதாவது முப்பது வார்டு. சித்தர் ஒரே மாதத்தில் நானூறு பேரை அதில் உட்காரவைத்தார். பாவம், சோழர் காலத்தில் மூச்சுவிட இடமிருந்திருக்காது. டீக்கடைப் பெருமாள் தன் ஐந்து கிலோ எடைக்கல்லைக் கொண்டுபோனார். இரும்பு. அதுவும் பராந்தகச் சோழனைப் பார்த்திருந்தது.

இதோடு நின்றிருந்தால் ஊருக்கு நல்ல பொழுதுபோக்கு. முத்துகிருஷ்ணன் நிற்க விடவில்லை. பதினாறு ஏக்கர்க்காரர், தலைவர் பதவிக்கு நிற்கிறவர். அவர் கழனி ஓரமாகத்தான் காலனி ஆட்கள் இடுகாட்டுக்குப் போகும் வழி. வழியின் முனையில் ஒரு கல். பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு அடித்துக் குங்குமம் வைத்ததில், அது சாமியாகவே ஆகிவிட்டிருந்தது. சித்தர் அதில் காதை வைத்தார்.

"பராந்தகன் பதினாலாம் ஆட்சியாண்டு! இந்த வழி முத்துகிருஷ்ணன் முன்னோருக்கே என்று மன்னன் ஆணை! வேறு எவன் கால் பட்டாலும் ஊருக்கு மழை கிடையாது!"

எல்லோரும் கும்பிட்டோம். மறுநாள் கம்பி வேலிக்குக் குழி தோண்டியாயிற்று.

காலனியில் ஞானதாஸுக்கு எண்பது வயது, படுத்த படுக்கை. "நான் சாவ ரெடியாத்தான் கீறேன், வழிதான் ரெடியா இல்ல. கழனிச் சேத்துல தூக்கினு போவாதீங்கடா, எனக்கு சளி புடிச்சிக்கும்" என்றார். மருமகள் ஷீபாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் ஒரு கல்லூரிப் பேராசிரியரோடு கூலிக்குப் போய், கோயில் கல்வெட்டுகளைக் காகிதத்தில் படியெடுக்கிறவள்.

ஞாயிற்றுக்கிழமை வேலிக்கு முதல் தூண் நடும் விழா. ஊரே கூடியிருக்க, வாளித் தண்ணீர், பிரஷ், காகிதச் சுருளோடு ஷீபா வந்து நின்றாள்.

"இன்னாம்மா, சாமிக்கு அபிஷேகமா?" என்றார் முத்துகிருஷ்ணன்.

"இல்ல தலைவரே. கல்லு பேசறது எனக்குக் கேக்கல. அதான் படிச்சிப் பாக்கலாம்னு."

"தொடாதே! கல் வாயை மூடிக்கொள்ளும்!" என்று சித்தர் பாய்ந்தார்.

"மூடிக்கட்டும் சாமி. எழுத்து எங்க ஓடிடப் போவுது? இது சோழன் காலத்துக் கல்லுதான? சத்தியமா?"

"சத்தியம்! பொய்யென்றால் இந்தக் காது செவிடாகட்டும்!"

கூட்டத்துக்கு ருசி தட்டிவிட்டது. "கழுவுமா, பாத்துடலாம்" என்றார்கள்.

சுண்ணாம்பு வெங்காயத் தோல்போல அடுக்கடுக்காக உரிந்தது. கல்லின்மேல் ஈரக் காகிதத்தை ஒட்டி, பிரஷால் தட்டினாள். எழுத்துப் பள்ளங்களுக்குள் காகிதம் இறங்கியது. மேலே மை ஒற்றினாள். கறுப்புக்கு நடுவே வெள்ளையாக எழுத்து எழுந்தது.

"படிங்க தலைவரே. ரெண்டாங் கிளாஸ் புஸ்தகத்துல கீற எழுத்துதான்."

முத்துகிருஷ்ணனிடம் திடீரென்று கண்ணாடி இல்லை. பெருமாள் எழுத்துக்கூட்டிப் படித்தார்: "காலனி மக்கள்... இடுகாட்டுப் பொதுவழி. நிலம் கொடுத்தவர்... மு. சடையப்பன். 15.8.1989."

சடையப்பன் என்பவர் முத்துகிருஷ்ணனைப் பெற்ற அப்பா.

"இன்னா சாமி, எங்க சடையப்பனும் பராந்தகனும் ஒரே கிளாஸா?" என்றது ஒரு குரல்.

ஷீபா முத்துகிருஷ்ணனைப் பார்த்துச் சொன்னாள்: "குடவோலைக் கல்லுல நிலமும் வூடும் கீறவங்களுக்குத்தான் எடம். எங்க ஆளுங்க அதுல இல்ல. அத நான் மாத்தி எழுத முடியாது. எங்களுக்குன்னு கீறது இந்த ஒரு கல்லு. உங்க நைனா நட்டது. இத்தயும் புடுங்கிக்கினு போயி சோழன்கிட்ட குடுத்துடுவீங்களா?"

தூணைத் தூக்கி வந்தவர்கள் அதைக் கீழே போட்டார்கள்.

சித்தரைத் தேடினால், அவர் மொபெட்டில் வளைவு தாண்டிக்கொண்டிருந்தார். "வெங்கடேசா! வெங்கடேசா!" என்று ஊரே கத்தியது. திரும்பவில்லை. சத்தியம் பலித்துவிட்டது, காது செவிடு.

அந்த வாரமே மழை கொட்டியது. வேலிக் குழிகளில் தவளை குடியேறியது. "வழி வந்துடுச்சி இல்ல? இனிமே அவசரம் இல்ல" என்று ஞானதாஸ் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார்.

பெருமாள் மட்டும் டீ ஆற்றியபடி சொன்னார்: "அவன் ஃபிராடுதான்யா. ஆனா எங்க வம்சத்தப் பத்தி சொன்னது கரெக்ட்டு."

ஒன்று சொல்ல மறந்தேன். அந்தக் கல்லை நட்ட அன்று சடையப்பன் ஊருக்கே லட்டு கொடுத்தார். தட்டை ஏந்தி வந்த பையன், பதினாலு வயது முத்துகிருஷ்ணன். லட்டு வாங்கிய கைகள்தான் பிறகு பராந்தகனைக் கும்பிட்டன. என் கையும்தான், நான் இரண்டு வாங்கியவன்.

பெருமக்களே, ஆயிரத்து நூறு வருடத்துச் செய்தி கேட்கக் கல்லில் காதை வைக்கிறீர்கள். முப்பத்தாறு வருடத்துக்கு முன் தின்ற லட்டு மறந்துபோகிறது. அந்த இரண்டு காதுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது. ஓட்டுப் போடுவதற்குள் அதையும் ஒருமுறை சுண்ணாம்பு உரித்துப் பாருங்கள்.