பதினான்காம் கேள்வியைக் காலியாக விட்ட கீரி

ஒரு காட்டில், சர்வே எண் உண்டு ஆனால் பேருந்து வசதி இல்லாத ஒரு காட்டில், ஆண்டுதோறும் மே மாதம் மூன்று வாரம் கோடைக்கால இசை முகாம் நடந்துவந்தது. இளையோர், பெரியோர் என்ற பேதமில்லாமல் எல்லா விலங்குகளும் சேரலாம். மூன்று பேரோ நான்கு பேரோ ஒரு சிறு குழுவாக உட்கார்ந்து, முன்னால் நின்று கோல் அசைக்க ஒருவரும் இல்லாமல், ஒருவரையொருவர் பார்த்தும் கேட்டும் வாசிக்க வேண்டும். மேல்நாட்டில் இதை அறைக்குள் வாசிப்பார்களாம். காட்டில் அறை கிடையாது என்பதால், கழுதைப்புலி காலி செய்துவிட்டுப் போன குகையில் வாசித்தார்கள். அதன் வாடை மட்டும் இன்னும் காலி செய்யவில்லை.

அந்தக் காட்டில் பத்மாசனி என்றொரு கீரி இருந்தாள். நடுவயது. வயோலா வாசிப்பாள். வயோலா என்பது வயலினைவிடச் சற்றுப் பெரியது, சற்றுத் தாழ்ந்த குரலுடையது, யாரும் கவனிக்காதது. முகாம் விதிப்படி பெரியோருக்கு மூன்று கோடைகள்தாம் வாய்ப்பு. அதற்குள் நிறைவுநாள் கச்சேரியில் வாசித்து முடிக்காதவர்கள் நான்காம் ஆண்டிலிருந்து பார்வையாளர் வரிசையில் உட்காரலாம். முதல் கோடையில் பத்மாசனியின் குழுவிலிருந்த மான், உருப்படியின் பாதியிலேயே ஓடிவிட்டது. இரண்டாம் கோடையில் அவளை மூன்று மயில்களோடு சேர்த்தார்கள். யார் நடுவில் உட்காருவது என்று முடிவாவதற்குள் முகாம் முடிந்துவிட்டது. இது மூன்றாவது.

விண்ணப்பம் வாங்கும் இடத்தில் உடும்பு உட்கார்ந்திருந்தது. பிடித்தால் விடாத பிராணி என்பதால் எல்லாக் காடுகளிலும் அலுவலகப் பொறுப்பை அதனிடமே கொடுக்கிறார்கள். படிவத்தின் பின்பக்கத்தில் பதினான்காம் கேள்வி இருந்தது: ‘யாருடன் சேர்ந்து வாசிக்க உங்களுக்கு ஆட்சேபம்?’ ஆட்சேபம் எழுதிய படிவமெல்லாம் அடுக்கின் அடிக்குப் போய்விடும் என்று வரிசையில் முன்னால் நின்ற முயல் சொன்னதால், பத்மாசனி அதைக் காலியாக விட்டாள்.

மூன்றாம் நாள் அரசமரத்தில் பட்டியல் ஒட்டினார்கள். ஏழாம் குழுவில், தரையில் ஊன்றி வாசிக்கும் பெரிய வாத்தியமான செல்லோவுக்குச் சாந்தமூர்த்தி என்ற எருமை. வயோலாவுக்குப் பத்மாசனி. வயலினுக்குக் கார்முகில், வயது பதினாறு, நல்லபாம்பு.

பாம்பு எப்படி வயலின் பிடிக்கும் என்று சிலர் கேட்பார்கள். பாம்பு எப்படிப் படிவம் நிரப்பியது என்று கேட்காமல் விட்டவர்கள் இதையும் விட்டுவிடலாம்.

பத்மாசனி உடும்பிடம் ஓடினாள்.

“சார், இது பாம்பு.”

“பதினாலாவது கேள்வியில நீங்க ஒண்ணும் எழுதலையேம்மா.”

“கீரிக்கும் பாம்புக்கும் ஆகாதுன்னு தனியா வேற எழுதணுமா?”

“எழுதினாத்தானே எங்களுக்குத் தெரியும். அந்தத் தம்பியும் எழுதலை. மாத்தணும்னா அடுத்த வருஷம்தான்.”

“எனக்கு அடுத்த வருஷம் கிடையாது சார்.”

“அப்ப மாத்த வேண்டிய அவசியமே இல்லையே.”

கார்முகில் எழுதாததற்குக் காரணம் வேறு. அந்த வயதில் யாரும் தாளைத் திருப்பிப் பார்ப்பதில்லை.

பயிற்சி ஆசிரியர் தாளமுத்து ஒரு மரங்கொத்தி. “வாசிக்கும்போது ஒருத்தரை ஒருத்தர் பாருங்க. கண்ணை எடுக்காதீங்க. இருபது வருஷமா சொல்றேன், எவனும் கேக்கிறதில்லை” என்று தொடங்கினார்.

ஏழாம் குழுவுக்கு அதைச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. பத்மாசனி பாம்பின் வாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பாம்புக்கு இமை கிடையாது. எடுக்க நினைத்தாலும் முடியாது. கீரிக்கு இமை உண்டென்பதால், வயலினில் வேகமான இடம் வந்து பாம்பின் கவனம் முழுக்க வில்லில் இருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் அவள் கண் சிமிட்டினாள். பாம்புக்குக் காதும் கிடையாது என்பதை, அதை இசைக்கு மயங்க வைக்கும் கதாசிரியர்கள் கவனிக்க வேண்டும். செல்லோவின் அதிர்வைத் தரையிலிருந்து தாடையால் வாங்கிக்கொண்டு, வயோலாவின் வில்லைக் கண்ணால் பிடித்துக்கொண்டு கார்முகில் வாசித்தான். ஒருவர் மூச்சு இழுத்தால் மற்றவருக்குத் தெரிந்தது. ஒருவர் வில் ஓர் இழை நகர்ந்தால் மற்றவர் தயாராக இருந்தார். மூவரும் ஒரே விலங்கு வாசிப்பதுபோல் முடித்தார்கள்.

தாளமுத்துவின் அலகு திறந்தபடியே நின்றது.

“ஆன்ட்டி, எங்க பெரியப்பாவை உங்களுக்குத் தெரியுமா? ஆத்தங்கரைப் புத்துல இருந்தாரு” என்றான் கார்முகில், இடைவேளையில்.

“இருக்கலாம் தம்பி. பேர் கேட்டு வச்சுக்கிற பழக்கமில்லை” என்றாள் பத்மாசனி. விஷத்தைக்கூட அவள் பொருட்படுத்தவில்லை. அந்த ‘ஆன்ட்டி’தான் சுருக்கென்றது.

சாந்தமூர்த்தி அசைபோட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டு வாரம் இப்படிப் போனது. நிறைவுநாளில் கடைசியாக வாசிக்கும் கௌரவம் ஏழாம் குழுவுக்கு என்று அறிவித்தார்கள். பத்மாசனி தன் வளைக்குச் சொல்லி அனுப்பினாள். நாற்பத்தொரு உறவினர்கள் வருவதாகப் பதில் வந்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் தாளமுத்துவுக்கு ஒரு கொள்கை இருந்தது. இசைக்கு அடிப்படை பரஸ்பர நம்பிக்கை என்று அவர் எங்கோ படித்திருந்தார். மூன்றாம் வாரம் எல்லாக் குழுக்களும் சேர்ந்து சாப்பிட்டு, மனம் திறந்து பேச வேண்டும் என்றார்.

கார்முகிலும் பத்மாசனியும் எதிரெதிரே உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தார்கள். இரண்டிலும் காடை முட்டை.

“உங்களுக்கும் இதுதானா?” என்றான் கார்முகில்.

“எனக்கு மஞ்சள் கருதான் பிடிக்கும்.”

“நான் முழுசா முழுங்கிடுவேன். ருசி என்னன்னே தெரியாது.”

“அடப் பாவமே” என்று பத்மாசனி ஒன்றை உடைத்து நீட்டினாள். மறுநாளே அவன் அவளை ‘அக்கா’ என்றான். அவனுடைய பெரியப்பாவைப் பற்றி வருத்தம் தெரிவித்தாள். அவர் அப்படியொன்றும் நல்லவரில்லை என்று அவனும் ஒப்புக்கொண்டான்.

நிறைவுநாள் காலை கடைசி ஒத்திகை. பத்மாசனி நிம்மதியாகக் கண்களை மூடிக்கொண்டு வாசித்தாள். கார்முகில் குகையின் மேல்விதானத்தைப் பார்த்துக்கொண்டு வாசித்தான். எட்டாவது வரியில் இருவருக்கும் நடுவே ஓர் எருமை புகும் அளவுக்கு இடைவெளி விழுந்தது. எருமை புகவில்லை, நின்றுவிட்டது.

உடும்பு விதியைப் படித்துக் காட்டியது. மேடையில் பாதியில் நின்றால் திரை போடப்படும். அது வாசித்ததாகக் கொள்ளப்படாது.

இன்னும் இரண்டு முறை முயன்றார்கள். இரண்டு முறையும் அதே எட்டாவது வரி.

அப்போதுதான் சாந்தமூர்த்தி மூன்று வாரத்தில் முதல் தடவையாகக் கருத்துச் சொன்னார். “நீங்க ரெண்டு பேரும் ஒத்துமையாயிட்டீங்க. அதான் கெட்டுப்போச்சு.”

சண்டை போட்டுப் பார்த்தார்கள்.

“நீ என் வில்லை ஒளிச்சு வச்சே” என்றாள் பத்மாசனி.

“இல்லக்கா. ஆனா உங்களுக்கு அப்படித் தோணியிருந்தா மன்னிச்சுக்கங்க.”

பயனில்லை.

மாலையில் அவர்கள் முறை வந்தது. முதல் மூன்று வரிசையில் நாற்பத்தொரு கீரிகள் உட்கார்ந்திருந்தன. மேடை ஏறுவதற்கு முன் பத்மாசனி கார்முகிலின் பக்கம் குனிந்து, மிகவும் பிரியமாகச் சொன்னாள்:

“தம்பி, காலையிலேர்ந்து நான் ஒண்ணுமே சாப்பிடலைப்பா.”

கார்முகில் சற்றுநேரம் அவளைப் பார்த்தான். பிறகு முதல் வரிசையைப் பார்த்தான்.

“நான் சட்டை உரிச்சு ரெண்டு நாளாச்சு ஆன்ட்டி. சட்டை உரிச்சா எங்களுக்கு அகோரப் பசி எடுக்கும்.”

அவன் கேலி செய்கிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் செய்தாளா என்று அவனுக்கும் தெரியவில்லை. அந்தச் சந்தேகத்தோடு உட்கார்ந்து, ஒருவர் கண்ணில் ஒருவர் கண்ணைப் பதித்து, எட்டாவது வரியைக் கடந்து, கடைசி வரிவரை ஓர் இழை பிசகாமல் வாசித்து முடித்தார்கள். குகை அதிரக் கைதட்டல் எழுந்தது. முடிந்ததும் குனிந்து வணங்க வேண்டும் என்பது மரபு. குனிந்தால் கண்ணை எடுக்க வேண்டும். யார் முதலில் குனிவது என்று இருவரும் அசையாமல் நின்றதால், சபை அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் பலமாகத் தட்டியது. சாந்தமூர்த்தி மட்டும் மூன்று பேருக்கும் சேர்த்துக் குனிந்தார்.

வெளியே உடும்பு படிவங்களோடு காத்திருந்தது. கச்சேரியில் வாசித்து முடித்த பெரியோருக்கு மூன்று கோடை விதி பொருந்தாது என்றும், விரும்பினால் அடுத்த ஆண்டுக்கு இப்போதே எழுதிக் கொடுக்கலாம் என்றும் சொன்னது.

பத்மாசனி எழுதிக் கொடுத்தாள். பதினான்காம் கேள்வியைக் காலியாக விட்டாள்.

கார்முகிலும் காலியாகவே விட்டான். ஆனால் இம்முறை தாளைத் திருப்பி, கேள்வியை இரண்டு தடவை படித்து, பக்கத்தில் நின்ற பத்மாசனியை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே விட்டான்.

நீதி: சேர்ந்து வாசிக்க விரும்புவோர் ஒருவரையொருவர் நேசிக்கலாம், முட்டையைப் பகிர்ந்து உண்ணலாம், நம்பிவிட மட்டும் கூடாது. இது எருமைகளுக்குப் பொருந்தாது.