பச்சை நிறப் பல்லும் ஒரு 'குட்'டும்

ஆங்கிலத்தில் நான் பயப்படும் சொல் ஒன்று உண்டு. பெரிய சொல் எல்லாம் இல்லை. 'குட்'.

பள்ளிக்கூடத்தில் இந்தச் சொல்லோடு எனக்கு நல்ல உறவு இருந்தது. நோட்டில் சிவப்பு மையில் 'குட்' என்று டீச்சர் எழுதினால் அன்று முழுக்க நான் தரையில் நடக்க மாட்டேன். அந்த நினைப்போடுதான் டெக்சாஸில் வந்து இறங்கினேன். வந்த புதிதில் கடையில் என் தள்ளுவண்டி ஒரு பெரியவரின் காலில் இடித்துவிட்டது. நான் பத்து சாரி சொன்னேன். அவர், "யூ ஆர் குட்" என்றார். ஒரு நொடிப் பழக்கத்தில் என் குணத்தைக் கண்டுகொண்டாரே என்று வீடு வரைக்கும் பூரித்துப்போய் வந்தேன்.

"பரவால்ல போங்கன்னு சொல்லிருக்கார். அவ்ளோதான்" என்றார் என் கணவர் சரவணன். (பூரிப்பு போச்சு.)

பிறகு கவனித்தால் எங்கும் அதுதான். பால் கெடவில்லை என்றால் குட். சண்டை முடிந்துவிட்டதா என்று கேட்க 'வீ குட்?' அடுத்தவருக்குப் பதவி உயர்வு வந்தால் வயிற்றெரிச்சலோடு சொல்லவும் ஒரு 'குட் ஃபார் யூ' இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது 'ஐயாம் குட்'. எதையாவது நீட்டினால், வேண்டாம் என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லாமல், நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லி மறுப்பது. எவ்வளவு நாகரிகம். கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன். லேசாகத் தலையைச் சாய்த்துச் சொன்னால் இன்னும் நன்றாக வந்தது.

அந்த நாகரிகம்தான் என்னைக் குப்புறத் தள்ளியது.

டெக்சாஸிலேயே ஃபிரிஸ்கோ என்ற ஊருக்கு நாங்கள் குடிவந்த வருடம் என் மகன் கவினுக்கு ஐந்து வயது. புதுப் பள்ளி. தினமும் காரில் ஏறியதும், "இன்னிக்கு யாரோட விளையாடுன கண்ணு?" என்று கேட்பேன். "நோபடி" என்பான், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே. அவன் சாதாரணமாகத்தான் சொல்வான். எனக்குத்தான் அன்று இரவுச் சாப்பாடு இறங்காது. நான் தமிழில் பேசுவதாலா, சாப்பாட்டு டப்பாவில் தயிர்சாதம் வைப்பதாலா, நானே யாரோடும் பேசாமல் ஓரமாய் நிற்பதாலா என்று காரணங்களை அடுக்கிக்கொண்டிருப்பேன்.

அப்படி இருக்கையில் அதே பள்ளியில் படிக்கும் ஓவன் என்ற பையனின் பிறந்தநாளுக்கு அழைப்பு வந்தது. பதினொரு மணிக்கு, அவர்கள் வீட்டில். பரிசு என்ன வாங்குவது என்று மூன்று வாட்ஸ்ஆப் குழுக்களில் கேட்டேன். சரவணனுக்கு அன்று ஆபீசில் புது மென்பொருள் ரிலீஸ், வர முடியாது. "தனியாப் போயிருவியா?" என்றார். "போகாம?" என்றேன். பதற்றத்தில் காலையில் அரை டம்ளர் காபிக்கு மேல் இறங்கவில்லை.

ஓவனின் அம்மா ஹெதர் கதவைத் திறந்ததும் காபி வேண்டுமா என்றுதான் கேட்டார். நான் தலையைச் சாய்த்தேன். "ஐயாம் குட்."

சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். எதற்கு என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் ஈரோட்டுப் பக்கம் முதல் 'வேண்டாம்' என்பது கணக்கிலேயே சேராது. வந்தவர் வேண்டாம் என்பார். "அட, சும்மா கொஞ்சமா" என்பார்கள். "இப்பத்தானுங்க குடிச்சுட்டு வர்றேன்" என்பார் வந்தவர். அதற்குப் பதிலே சொல்லாமல் வீட்டுக்காரர் உள்ளே போய் டம்ளரோடு வருவார். எல்லோருக்கும் வசனம் தெரிந்த நாடகம் அது. ஹெதருக்கு யாரும் வசனம் கொடுத்திருக்கவில்லை. "ஓகே" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

பன்னிரண்டு மணிக்கு பீட்சா வந்தது. ஹெதர் என்னிடமே வந்து, "வெஜிடபிள் பீட்சாவும் இருக்கு" என்று ஆங்கிலத்தில் சொன்னார். எனக்காகவே வாங்கியிருக்கிறார். மூளை 'எடு' என்றது. வாய் "ஐயாம் குட்" என்றது. லெமனேடுக்கும் அதேதான். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, மற்ற அம்மாக்கள் சாப்பிடுவதைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். கைப்பையில் கவினுக்காக எடுத்து வந்த முறுக்குப் பாக்கெட் இருந்தது. ஆனால் முறுக்கைச் சத்தமில்லாமல் தின்ன இன்னும் யாரும் வழி கண்டுபிடிக்கவில்லை.

கடைசியில் தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்குப் போனேன். மேடையில் ஒரு பெரிய தட்டு நிறைய நீலநிறக் கப்கேக்குகள், வரிசை வரிசையாக. தள்ளி ஒரு சின்ன டப்பாவில் ஒன்றே ஒன்று மட்டும், பச்சை நிறத்தில்.

நான் பொறியியல் படித்தவள். வரிசையில் ஒன்றை எடுத்தால் இடைவெளி தெரியும். ஓரமாய்த் தனியாகக் கிடப்பதை யாரும் தேட மாட்டார்கள். இதுதான் நான் போட்ட கணக்கு. (நான்கு வருடப் படிப்பு.) ஃபிரிட்ஜுக்கு மறைவில் நின்று இரண்டே வாயில் முடித்தேன். காய்ந்த ரஸ்க் மாதிரி இருந்தது. பாவம், ஹெதருக்குக் கேக் செய்ய வராது போல என்று வேறு நினைத்தேன். காகிதத்தைக் கசக்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

பாட்டுப் பாடி மெழுகுவத்தி ஊதி முடிந்ததும் ஒரு பெண் அந்தச் சின்ன டப்பாவைத் திறந்தார். திறந்தபடியே நின்றார். அவர் எமிலி என்ற சிறுமியின் அம்மா. எமிலிக்கு முட்டையும் பாலும் ஒத்துக்கொள்ளாது. எந்த விருந்துக்குப் போனாலும் அவளுக்கென்று வீட்டிலிருந்து தனியாகச் செய்து கொண்டுவருவார்களாம். மற்றக் குழந்தைகள் கேக் தின்னும்போது அவளும் தின்ன வேண்டுமே என்பதற்காக.

இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் கவின் என்னை அண்ணாந்து பார்த்து, கூடம் முழுக்கக் கேட்கும்படி, "அம்மா, வை ஆர் யுவர் டீத் கிரீன்?" என்றான்.

எத்தனை பேர் திரும்பினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் என் செருப்பில்லாத கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்தான் என்றேன். தெரியாமல் என்றேன். "யூ ஆர் குட்" என்றார் ஹெதர். "இட்ஸ் ஆல் குட்" என்றார் எமிலியின் அம்மா. அவர் முகத்தில் ஒரு குட்டும் இல்லை. ஐந்து வயதுக் குழந்தையின் கேக்கைத் திருடித் தின்றவள் என்று என்னை நானே தமிழில் திட்டிக்கொண்டு, முறுக்குப் பாக்கெட்டை எடுத்து நீட்டினேன். அவர் அதைத் திருப்பிப் பின்னால் எழுதியிருந்ததை நிதானமாகப் படித்தார். வெண்ணெய். திருப்பிக் கொடுத்தார். இனி கவினை யார் கூப்பிடுவார்கள் என்றுதான் என் மனதில் ஓடியது.

ஹெதர் குனிந்து எமிலியிடம், தர்பூசணி வேண்டுமா என்று கேட்டார்.

"ஐயாம் குட்" என்றாள் எமிலி.

சரி என்று எல்லோரும் கேக் பக்கம் திரும்பிவிட்டார்கள். எமிலி இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதினொரு மணியிலிருந்து நான் உட்கார்ந்திருந்த அதே மாதிரி. அந்த வீட்டில் அந்த 'குட்'டுக்கு என்ன அர்த்தம் என்று என் ஒருத்திக்குத்தான் தெரியும்.

போய் அவள் முன்னால் மண்டியிட்டேன். கொஞ்சூண்டு தர்பூசணி என்றேன். தலையை ஆட்டி மறுத்தாள். அதற்கு மேல் கேட்கவில்லை. எங்கள் ஊர் வழக்கப்படி பேசாமல் உள்ளே போனேன். கத்தியைச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினேன். வெட்டாமல் இருந்த தர்பூசணியில் ஒரு துண்டை வட்டமாகச் செதுக்கி, மேலே மிச்சமிருந்த புது மெழுகுவத்தி ஒன்றைச் செருகி ஏற்றிக் கொண்டுவந்து வைத்தேன். கவின் என்ன நினைத்தானோ, பிறந்தநாள் பாட்டை மறுபடி ஆரம்பித்தான். ஓவன் சேர்ந்துகொண்டான். எமிலி ஊதினாள், தின்றாள், "கேன் ஐ ஹேவ் ஒன் மோர்?" என்றாள்.

எமிலியின் அம்மா என்னைப் பார்க்கவில்லை. ஆனால் இரண்டாவது துண்டை என்னையே வெட்டவிட்டார்.

ஹெதர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "உனக்குப் பசிக்கிறதா?" என்றார். என் தலை தானாகச் சாயத் தொடங்கியது. "ஐயாம்..." என்று ஆரம்பித்தேன்.

"ஷீ இஸ் நாட் குட்" என்றான் கவின். "ஷீ இஸ் ஹங்ரி."

ஆறிப்போன பீட்சா இவ்வளவு ருசியாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டே மூன்று துண்டு தின்றேன்.

வீட்டில் இன்றுவரை இதற்கு விமோசனம் இல்லை. நான் எதையாவது வேண்டாம் என்றால், "டேய், அம்மா குட்டா, நாட் குட்டா?" என்று சரவணன் கேட்பார். கவின் வந்து என் பல்லைப் பார்த்துச் சொல்வான். வீடியோவில் என் அம்மா, "அந்தப் புள்ளையோட பண்டத்தத் தின்னியே" என்று ஆரம்பித்துத்தான் நலமே விசாரிக்கிறார். ஓவனும் கவினும் இப்போது ஒரே வகுப்பு. "யாரோட விளையாடுன?" என்று நான் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

சென்ற மாதம் எமிலியின் பிறந்தநாள். எங்களையும் அழைத்திருந்தார்கள். மேடையில் தட்டுக்குத் தள்ளி, என் பெயர் எழுதிய ஒரு சின்ன டப்பா இருந்தது. உள்ளே பச்சைக் கப்கேக். எல்லோரும் பார்க்க, நின்ற இடத்திலேயே தின்றேன். அதே ரஸ்க். இன்னொன்று வேண்டுமா என்றார் எமிலியின் அம்மா. வாழ்க்கையில் முதல்முறையாக மனதார, "ஐயாம் குட்" என்றேன்.

அவர் பதிலே சொல்லாமல் உள்ளே போய் இன்னொன்று எடுத்து வந்தார்.