சிவப்புக் கொடி வெச்சாச்சு!

ஒலிப்பதிவு அறைகளில் ஓர் இனம் வாழ்கிறது: கொடி நடுவோர். கணினியில் ஆடியோவை வெட்டி ஒட்டுகிறவர்கள், திரும்பி வரவேண்டிய இடத்தில் மார்க்கர் என்று ஒரு சின்னக் கொடி வைத்துக்கொள்ளலாம். நீங்களும் நானும் நான்கு வைப்போம். இந்த இனத்தவரோ இருமலுக்கு மஞ்சள், நாற்காலி கிரீச்சிட்டதற்குப் பச்சை, பேசுபவர் மூச்சு விட்டதற்கு நீலம், மூச்சு விடாமல் பேசியதற்கு இன்னொரு நீலம் என்று அரைமணி நேரப் பேட்டியை மாநாட்டுத் திடலாக்கிவிட்டுத்தான் சாய்ந்து உட்காருவார். வெட்டுவாரா? அவசரப்படாதீர்கள். முதலில் பெயர் சூட்டு விழா. 'இது'. 'இதுவும்'. 'இதை என்னமோ பண்ணணும்'.

எங்கள் வானொலியில் இப்படி ஒருவர். அலுவலகம் வைத்த பெயர் கொடிக்கம்பம். அவரிடம் ஒரு பஸ் டிரைவரின் பேட்டி வந்தது. பேச்சு வேகத்தில் டிரைவர், "எங்க டிப்போ மேனேஜருக்கு ரிவர்ஸ்கூட எடுக்கத் தெரியாது" என்று சொல்லிவிட்டார். போகும்போது வாசலில் நின்று கெஞ்சினார்.

"சார், அதை மட்டும் எடுத்துடுங்க. நாளைக்கு அவர் மூஞ்சில முழிக்கணும்."

"கவலையே படாதீங்கண்ணே. சிவப்புக் கொடி வெச்சாச்சு!"

ஐந்து மணிக்கு ஒலிபரப்பு. நாலே முக்காலுக்கு அறிவிப்பாளர் அக்கா எட்டிப் பார்த்தார்.

"வெட்டியாச்சா?"

"குறிச்சு வெச்சாச்சுக்கா."

"நான் அதையா கேட்டேன்?"

அப்புறம்தான் கை பரபரத்தது. முதலில், தொடக்கத்தில் இருந்த இரண்டு நிமிட நலம் விசாரிப்பைத் தூக்கினார். மொத்தப் பேச்சும் இரண்டு நிமிடம் முன்னால் நகர்ந்தது. கொடிகள் நகரவில்லை, நட்ட இடத்திலேயே விறைப்பாக நின்றன. சிவப்புக் கொடிக்குக் கீழே இருந்ததைக் கச்சிதமாக வெட்டி எறிந்தார். கேட்டுப் பார்ப்பானேன்? தானே நட்ட கொடி அல்லவா!

வெட்டுப்பட்டது எது தெரியுமா? "ஆனா நல்ல மனுசன் சார், என் வீட்டுக்காரி ஆஸ்பத்திரில இருந்தப்ப கேக்காமலே லீவு குடுத்தாரு."

ஐந்தரைக்கு டிரைவர் போன் செய்தார்.

"திட்டினதை விட்டுட்டு, புகழ்ந்ததை எடுத்திருக்கீங்களே, நியாயமா? மேனேஜர் காலையில முதல் வேலையா வந்து பாக்கச் சொல்லிட்டாரு."

"அண்ணே, சத்தியமா சிவப்புக் கொடி வெச்சிருந்தேன்!"

"அந்தக் கொடியைக் குடுத்தனுப்புங்க. டிப்போ வாசல்ல புடிச்சிக்கிட்டு நிக்கிறேன்."

போனை வைத்த கொடிக்கம்பம் மேனேஜரைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னாரா? கோப்பைத் திறந்தார். அதே இடத்தில் புதிதாக ஒரு கொடி நட்டார்: 'மன்னிப்புக் கேக்கணும்'.

சிரிக்கிறீர்கள். நல்லது. யாருக்காவது படித்துக் காட்டலாமென்று இந்தப் பக்கத்தின் முனையையும் மடிக்கிறீர்கள். இதற்கு முன் மடித்த பதினேழு முனைகளும் எதற்கென்று கொஞ்சம் சொல்லுங்களேன்?