ஹெல்மெட் போட்ட நந்தியாவட்டைக் கள்ளன்

அந்தச் சனிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. பூக்கண்டுகளுக்குத் தண்ணி ஊத்துறது.

என்ட மனிசி சுமதி டீச்சர். கொழும்பில ஒரு பயிற்சி வகுப்புக்குப் போயிருந்தா. போகக்குள்ள வாசல்ல நிண்டு தெளிவாத்தான் சொன்னா.

"தண்ணி மட்டும் ஊத்துங்க. வேற ஒண்டும் செய்யாதீங்க."

அந்த ரெண்டாவது வசனம் எனக்கு ரோசத்தக் கிளப்பிட்டு. ஏன், நான் என்ன சின்னப் புள்ளையா?

தண்ணிய ஊத்திப்போட்டு, அந்த வெயில்லயும் குனிஞ்சு நிண்டு முத்தத்துப் புல்லெல்லாம் புடுங்கினன். மதிலோரம், கேற்றடி, கிணத்தடி, ஒரு இடம் விடல்ல. புடுங்கினத சருகோட சேத்துக் குவிச்சு நெருப்பும் வச்சன். வளவு சும்மா பளிச்செண்டு இருந்திச்சு! போட்டோ எடுத்து சுமதிக்கு அனுப்புவமா எண்டும் யோசிச்சன். என்ட நல்ல காலம், போன்ல சார்ஜ் இல்ல.

எனக்கும் பூக்கண்டுக்கும் உள்ள உறவ இந்த இடத்தில சொல்லிடோணும். சிவப்பாப் பூத்தா அது செவ்வரத்தை. வெள்ளையாப் பூத்தா மல்லிகை. பூவே இல்லாட்டி எல்லாம் குரோட்டன்.

மத்தியானம் போல, போன்ல சார்ஜ் ஏறின நேரம், திரும்பி வாற ரயில் கோச்சிக்குள்ள இருந்து சுமதி போன் எடுத்தா. குரல்ல அப்பிடியொரு சந்தோசம்.

"இஞ்சேருங்க, கேற்றடியில என்ட நந்தியாவட்டை நிக்கிதெல்லோ. தளிர் விட்டிருக்கா எண்டு பாருங்க. பின்னேரம் வந்து இறங்கினதும் முதல் வேலையா அதத்தான் பாக்கப் போறன்!"

"ஓம் ஓம், பாக்கிறன்" எண்டு சொல்லிட்டுப் போய்ப் பாத்தன்.

கேற்றடியில நல்ல துப்புரவான மண் இருந்திச்சு.

குவியலுக்கு ஓடினன். அதில சாம்பலும் கொஞ்சம் புகையும்தான் மிச்சம்.

புல்லோட புல்லா நான் புடுங்கின அந்தத் தடி சும்மா நந்தியாவட்டை இல்ல, அடுக்கு நந்தியாவட்டை. ரோசாப்பூ மாதிரி அடுக்கடுக்கா வெள்ளையாப் பூக்கிறது. சுமதி அதுக்காக எவ்வளவு காலம் ஏங்கினா எண்டு எனக்குத் தெரியும். காலமை எழும்பினா என்ட முகத்துக்கு முதல் அதின்ட முகத்திலதான் முழிப்பா. அவ கோச்சியால இறங்கிறதுக்குள்ள அந்த இடத்தில இன்னொண்டு நிக்காட்டி என்ட கதை முடிஞ்சுது!

அந்தக் கண்டு அமிர்தகழியில இருக்கிற நேசமலர் மாமியிட இருந்து வந்தது எண்டு மட்டும் தெரியும். தடி போன இடத்தில தடி வச்சா யாருக்கு என்ன தெரியப்போகுது? ஹெல்மெட்டக் கொழுவிக்கொண்டு பைக்க எடுத்தன். கல்லடிப் பாலம், டவுன் எல்லாம் எப்பிடித் தாண்டினன் எண்டு எனக்கே தெரியாது.

"மாமி, சுமதிக்குக் குடுத்த நந்தியாவட்டையில எனக்கும் ஒரு கொப்பு தாங்க!"

மாமி ரெண்டு காதையும் பொத்தினா.

"ஐயோ மனே, கேக்காத! கேட்டு வாங்கினா வேர் விடாது. பூக்கண்டு எண்டா களவாத்தான் எடுக்கோணும்!"

"களவாவா?"

"உன்ட பொண்டாட்டி பின்ன எப்பிடிக் கொண்டு போனவள்? முதல்ல நான் கையால ஒடிச்சுக் குடுத்தன், பட்டுப் போயிட்டு. அடுத்த தரம் அவள் களவெடுக்க வந்தாள். நான் வாய வச்சுக்கொண்டு இருக்க மாட்டாம, 'கிடைச்சுதா புள்ள' எண்டு கேட்டுட்டன். அதுவும் பட்டுப் போயிட்டு. கடைசித் தரம் குசினிக்குள்ள போய் அடுப்படியில பேசாம இருந்தன். அதுதான் பிடிச்சிது."

பள்ளிக்கூடத்தில புள்ளையளுக்கு நல்லொழுக்கம் படிப்பிக்கிற என்ட மனிசி ரெண்டு தரம் களவுக்குப் போனவ எண்டது எனக்கு அப்பதான் தெரியும்.

"இப்ப நான் குசினிக்குப் போறன்" எண்டா மாமி. "நான் உன்னக் காணவுமில்ல, நீ இஞ்ச வரவுமில்ல."

நான் வளவுக்க தனிய நிண்டன். சுத்திவரப் பச்சை. ஒரு பூ இல்ல! காலமையே மாமி எல்லாத்தையும் ஆய்ஞ்சு மாமாங்கம் கோயிலுக்குக் குடுத்துட்டா.

எனக்கு முன்னால முழுக்க முழுக்கக் குரோட்டன்.

"மாமி, இதில எது நந்தியாவட்டை?"

சத்தம் இல்ல.

"மாமி!"

குசினி யன்னலுக்கால குரல் வந்திச்சு. எனக்கில்ல, மதில்ல இருந்த காகத்துக்கு.

"ஏய் காகம், களவெடுக்க வந்தவன் வீட்டுக்காரியிட்டயே கேக்கிறதா? வெக்கமா இல்ல?"

காகத்தோட சேந்து நானும் தலையக் குனிஞ்சன்.

"இஞ்ச கேள் காகம். நந்தியாவட்டை இலை சோடி சோடியா எதிரெதிர நிக்கும். மினுமினுப்பா இருக்கும். ஒடிச்சாப் பால் வரும்."

இது போதாதா! கிட்ட நிண்ட ஒண்ட ஒடிச்சன். பால் வரல்ல. கையில ஒரு வழுவழுப்புத்தான் ஒட்டிச்சு.

"காகம், அது செவ்வரத்தை! இலை ஓரம் பல்லுப் பல்லா இருக்கே, உனக்குக் கண் இல்லையா?"

அடுத்தது ஒல்லியா, நீட்டு இலை. ஒடிச்ச உடன பால் கொட்டிச்சு.

"பால் வருது!" எண்டு துள்ளினன்.

"ஐயோ காகம், அது மஞ்சள் அலரி! நஞ்சு! கண்ணில தொடாத, ஓடிப்போய்க் கையக் கழுவு!"

கிணத்தடிக்கு ஓடினன். சவர்க்காரம் போட்டுக் கழுவினன். காகம் எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்துக்கொண்டு இருந்திச்சு.

மூண்டாவது, சோடி இலை! நம்பிக்கையோட ஒடிச்சன்.

"மல்லிகை காகம், மல்லிகை! சோடி சரி, பால் எங்க?"

ஒடிச்சது எல்லாம் இடது கையில கட்டாக் கிடக்கு. வேர்வை ஹெல்மெட்டுக்குள்ளால வழியிது. ஓம், ஹெல்மெட்டக் கழட்ட மறந்துபோனன்.

மதில் மூலையில இன்னொண்டு நிண்டிச்சு. மினுமினுத்த இலை, சோடி சோடியா. கொப்பு ரெண்டு ரெண்டாப் பிரிஞ்சு பிரிஞ்சு போகுது. ஒடிச்சன். வெள்ளை வெளேரெண்டு பால்!

யன்னலப் பாத்தன். ஒரு சத்தம் இல்ல. மாமி மூச்சக் கூட அடக்கிக்கொண்டு நிக்கிறா எண்டு விளங்கிச்சு. இதுதான்!

"கள்ளன்! கள்ளன்!"

பக்கத்து வளவுச் சிவலிங்கம் அண்ணன். மதிலுக்கு மேலால தலையும் போனும் தெரிஞ்சுது. பட்டப்பகல்ல, ஹெல்மெட் போட்ட ஒருத்தன் ஒரு பொம்பிள தனிய இருக்கிற வளவுக்க மரங்களை முறிக்கிறான். அவரில பிழை சொல்ல ஏலாது.

றோட்டால போன சனமெல்லாம் கேற்றுக்குள்ள வந்திட்டு. ஹெல்மெட்டக் கழட்டினன். அது இன்னும் பிழையாப் போயிட்டு.

"அட, இது சுமதி டீச்சர்ர மனிசனெல்லோ!"

"டீச்சருக்கு இப்பிடியொரு மாப்பிளையா?"

மாமி குசினி வாசலுக்கு வந்தா. 'நான்தான் எடுக்கச் சொன்னன்' எண்டு ஒரு வார்த்தை சொன்னாக் காணும், என்ட மானம் தப்பும். ஆனா சொன்னாக் கொப்புப் பட்டுப் போகும். மாமி என்ட முகத்தப் பாத்தா. கொப்பப் பாத்தா. திரும்ப என்ட முகத்தப் பாத்தா.

"ஓம், கள்ளன்தான்" எண்டா.

"மாமி!"

"நல்ல கள்ளன். விடுங்க, போகட்டும்."

"பொலிசுக்கு அடிக்கவா அக்கா?" எண்டு கேட்டார் சிவலிங்கம் அண்ணன்.

"பொலிஸ் ஒண்டும் வேணாம். ஓடு மனே, கொப்பு வெயில்ல வாடுது!"

சனம் முழிச்சிது. அப்ப மீன் வாங்கிக்கொண்டு வந்த ஒரு அக்கா என்ட கையப் பாத்தா, மாமியப் பாத்தா, விழுந்து விழுந்து சிரிச்சா.

"பூக்கண்டுக் களவு! எல்லாரும் அங்கால திரும்புங்க, திரும்புங்க!"

ஒரு நொடியில முழுச் சனமும் எனக்கு முதுகக் காட்டிக்கொண்டு நிண்டிச்சு. ஒருத்தர் வானத்தப் பாக்கிறார், ஒருத்தர் செருப்பப் பாக்கிறார். இப்பிடியொரு மரியாதை எனக்குக் கலியாணத்திலயும் கிடைக்கல்ல. நடுவால நடந்து போய் பைக்கில ஏறினன்.

சிவலிங்கம் அண்ணன்ட போன் மட்டும் திரும்பல்ல.

வீட்டுக்கு வந்து கொப்ப நட்டு, தண்ணி ஊத்தி, தண்ணி மட்டும் ஊத்தி, ஸ்டேசனுக்கு ஓடினன். சுமதி இறங்கினா. முகத்தில ஒண்டும் தெரியல்ல. பைக்கில பின்னால ஏறி வீட்டுக்கு வந்தா. கேற்றடியில இறங்கி, குந்தியிருந்து அந்தத் தடியப் பாத்தா.

"தண்ணி மட்டும் ஊத்தச் சொன்னன்."

"ஓம்."

போனத் திருப்பிக் காட்டினா. வீடியோக்குள்ள ஹெல்மெட்டோட நான். மாமிட குரல் நல்ல தெளிவு: "ஓம், கள்ளன்தான்." கோச்சி மட்டக்களப்புக்கு வரமுதலே வீடியோ ஊரெல்லாம் சுத்தி அவட கைக்கும் வந்திட்டு.

வரக்குள்ள யோசிச்சு வச்ச பொய்யெல்லாம் வீணாப் போயிட்டு. கண்ண மூடிக்கொண்டு நிண்டன்.

சிரிப்புச் சத்தம் கேட்டிச்சு. கண்ணத் திறந்தா, சுமதி நிலத்திலயே இருந்து கண்ணீர் வரச் சிரிக்கிறா.

"நான் ரெண்டு தரம் போயும் என்னை ஒருத்தரும் கள்ளி எண்டு சொல்லல்ல. உங்களுக்கு முழு ஊரும் சாட்சி! இனி இது பிடிக்காம எங்க போகும்?"

சிரிச்சு முடிச்சுப்போட்டு, புடுங்கினதுக்குத் தனியாத் திட்டினா. அது இராச்சாப்பாடு முடியும் வரைக்கும் போயிட்டு.

கொப்பு பிடிச்சிட்டு. இப்ப அடுக்கடுக்காப் பூத்து நிக்கிது. அதப் பாக்கிற நேரமெல்லாம் எனக்கு உள்ளுக்குள்ள பெரிய பெருமை.

நேத்து சிவலிங்கம் அண்ணன் போன் எடுத்தார். மன்னிப்புக் கேக்கப்போறார் எண்டு நினைச்சன்.

"தம்பி, கல்லடியில ஒரு வீட்டு மதிலோரம் ரோஸ் நிறக் கடதாசிப்பூ நிக்கிது. என்ட மனிசி ஆசைப்படுறா. உங்கட கை ராசியான கை, ஒரு கொப்பு எடுத்துத் தருவீங்களா?"

"அந்த வீட்டுக்காரருக்குத் தெரியுமா அண்ணன்?"

"தெரிஞ்சா எப்பிடித் தம்பி வேர் விடும்?"